பத்தில் ஒரு விநாடி



இன்று ஆகஸ்ட் 11. நம் காலண்டரில் சிவப்பு எழுத்தில் வராத நாள். ஆனால் நீச்சல் வரலாற்றில் இந்தத் தேதிக்கு ஓர் இடம் உண்டு. 1936ஆம் ஆண்டு இதே நாளில் பெர்லின் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான 200 மீட்டர் மார்பு நீச்சல் இறுதிப் போட்டி நடந்தது. மொத்தமே மூன்று நிமிடச் சமாசாரம். அந்த மூன்று நிமிடத்துக்கு முன்னால் நான்கு வருடக் கதை இருக்கிறது. பின்னால் ஓர் ஆயுட்காலக் கதை இருக்கிறது. இரண்டையும் சொல்லலாம் என்று உட்கார்ந்தேன். பதிவு நீளம்தான். வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். கடைசி பெஞ்சில் தூங்கியவர்களும் தைரியமாகப் படிக்கலாம், நடுவில் எழுப்பிக் கேள்வி கேட்க மாட்டேன்.

மார்பு நீச்சல் என்பது பிரெஸ்ட் ஸ்ட்ரோக். கிணற்றில் குதித்து வளர்ந்த பிள்ளைகள் தவளை நீச்சல் என்பார்கள். பொருத்தமான பெயர்தான். இரண்டு கைகளையும் ஒன்றாக முன்னே நீட்டி, அகல விரித்து, தண்ணீரை இழுக்க வேண்டும். இரண்டு கால்களையும் ஒன்றாக மடக்கி, தவளை மாதிரி பின்னால் உதைக்க வேண்டும். ஒரு கை முன்னே, ஒரு கை பின்னே என்று போகக் கூடாது. சுவரைத் தொடும்போதும் இரண்டு கையும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். போட்டிகளில் உள்ள நான்கு வகை நீச்சல்களில் இதுதான் மெதுவானது. ஒவ்வொரு முறை முழங்காலை மடக்கும்போதும் தண்ணீர் எதிர்த்துத் தள்ளும். முன்னேறிய வேகத்தில் பாதியை அந்த இடத்திலேயே இழந்துவிட்டு மறுபடி உதைக்க வேண்டும். ஆனாலும் பழைமையான நீச்சல் இது. 1875இல் மேத்யூ வெப் என்ற ஆங்கிலேயர் இங்கிலீஷ் கால்வாயை முதன்முதலாக நீந்திக் கடந்தது இந்த நீச்சலில்தான்.

ஒலிம்பிக்கில் பெண்கள் நீந்த ஆரம்பித்தது 1912, ஸ்டாக்ஹோமில். பெண்களுக்கு மார்பு நீச்சல் வந்தது அதற்கும் பன்னிரண்டு வருடம் கழித்து, 1924 பாரிஸில். 200 மீட்டர் என்ற ஒரே ஒரு போட்டி. இங்கிலாந்தின் லூசி மார்ட்டன் 3 நிமிடம் 33.2 விநாடியில் ஜெயித்தார். 100 மீட்டர் போட்டிக்குப் பெண்கள் 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உலக நீச்சல் சாம்பியன்ஷிப் என்று தனியாக ஒன்று அப்போது கிடையாது, அது 1973இல் பெல்கிரேடில்தான் தொடங்கியது. ஆகவே அந்தக் காலத்து வீராங்கனைக்கு நான்கு வருடத்துக்கு ஒரு முறை, ஒரு நாள், ஒரு போட்டி. அதில் தவறினால் இன்னும் நான்கு வருடம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

ஜப்பானில் வாகாயாமா மாநிலத்தில் ஹாஷிமோட்டோ என்று ஓர் ஊர். கினோகாவா என்ற ஆறு அந்த ஊர் வழியாக ஓடுகிறது. அங்கே டோஃபு செய்து விற்கும் குடும்பம் ஒன்று. டோஃபு என்றால் சோயாப் பாலைத் திரித்துச் செய்வது, பார்வைக்கு நம் பனீர் மாதிரி இருக்கும். விடியுமுன் எழுந்து அரைத்து, காய்ச்சி, வடித்து, அன்றைக்கே விற்க வேண்டிய பண்டம். அந்த வீட்டில் 1914இல் பிறந்தவர் ஹிதேகோ மாயேஹாத்தா. நீச்சல் பழகியது குளத்தில் அல்ல, அந்த ஆற்றில்.

1929இல் ஹவாயில் நடந்த பெண்கள் போட்டிக்கு அவரை அனுப்பினார்கள். வயது பதினைந்து. 100 மீட்டர் மார்பு நீச்சலில் முதலிடம், 200 மீட்டரில் இரண்டாமிடம். பிறகு நாகோயா நகரில் இருந்த சுகியாமா பெண்கள் பள்ளி அவரைச் சேர்த்துக்கொண்டது. டோஃபு விற்கிற வீட்டுப் பெண்ணுக்கு வெளியூரில் மேல்படிப்பும் நீச்சல் பயிற்சியும் கிடைத்தது, அந்தக் காலத்தில் சாதாரண விஷயம் அல்ல.

1931 ஜனவரியில் அம்மா இறந்தார். அதே வருடம் ஜூனில் அப்பாவும் போய்விட்டார். ஐந்தே மாதத்தில் வீடு காலி. பெண்ணுக்கு வயது பதினேழு.

அதே வருடம் ஆகஸ்டில் ஜப்பான் இன்னொருவரையும் இழந்தது. கினுவே ஹிதோமி என்ற ஓட்டப்பந்தய வீராங்கனை. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓடி வெள்ளி வாங்கியவர். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய முதல் ஜப்பானியப் பெண் அவர்தான். இருபத்து நான்கு வயதில் நோயில் இறந்துபோனார். ஆக 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் வந்தபோது, ஜப்பானியப் பெண்கள் விளையாட்டில் என்ன சாதிக்க முடியும் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில், பெற்றோரை இழந்து ஒரு வருடமே ஆன பதினெட்டு வயதுப் பெண் நின்றாள்.

லாஸ் ஏஞ்சலஸ் இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் கிளேர் டென்னிஸ் முதலிடம். அவருக்கு வயது பதினாறு. அவர் கதையும் ஒரு தமாஷ். நீச்சலுடையில் தோள்பட்டை எலும்பு அதிகமாகத் தெரிகிறது என்று புகார் கிளப்பி, அவரைப் போட்டியிலிருந்தே நீக்கப் பார்த்தார்கள். நல்ல வேளையாக அது நடக்கவில்லை. அவருடைய நேரம் 3 நிமிடம் 6.3 விநாடி. மாயேஹாத்தாவின் நேரம் 3 நிமிடம் 6.4 விநாடி.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். எட்டாம் வகுப்புக் கணக்குதான், பயப்படாதீர்கள். 200 மீட்டரை 186.4 விநாடியில் கடந்தால் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 107 சென்டிமீட்டர். அப்படியானால் பத்தில் ஒரு விநாடிக்கு? பத்தே முக்கால் சென்டிமீட்டர். அரைச் சாண்! 200 மீட்டர் நீந்திய பிறகு அரைச் சாண் வித்தியாசம். அதுவும் கையில் ஸ்டாப்வாட்ச் பிடித்து மனிதர்கள் நேரம் எடுத்த காலம்.

அரைச் சாண் பின்தங்கி உலகத்தில் இரண்டாமிடம். நீங்களும் நானும் என்ன செய்வோம்? ஊரைக் கூட்டி மாலை போடுவோம். ஜப்பானிலும் வரவேற்பு நடந்தது. ஆனால் அதே மூச்சில், ஏன் தங்கம் இல்லை என்ற கேள்வியும் வந்தது. டோக்கியோ மேயர் ஹிதேஜிரோ நாகாத்தா, அந்தப் பத்தில் ஒரு விநாடியை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது, இந்த ஏக்கத்தை மறக்காமல் அடுத்த பெர்லினில் ஜெயிக்க வேண்டும் என்ற பொருளில் அவரிடமே சொன்னார். நல்லெண்ணத்தில் சொன்னதாகத்தான் இருக்கும். 1940 ஒலிம்பிக்கை டோக்கியோவுக்குக் கொண்டுவர முயன்றுகொண்டிருந்தவர் அவர், பதக்கத்தின் அருமை அவருக்குத் தெரியும். அடுத்த முறை தங்கம் வாங்கு என்று மக்களிடமிருந்து கடிதங்களும் வந்தன.

மாயேஹாத்தாவின் மனத்தில் இருந்தது வேறு. நீச்சலை விட்டுவிடலாம் என்று நினைத்திருந்தார். தாய் தகப்பன் இல்லை. கல்யாண வயது என்று ஊர் கணக்குப் பார்க்கிற வயது. இரண்டு பக்கமும் யோசித்து, கடைசியில் இன்னும் நான்கு வருடம் என்று முடிவெடுத்தார். அந்த முடிவில் எவ்வளவு அவருடைய ஆசை, எவ்வளவு மற்றவர்களுடைய ஆசை என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். அவருக்கே கஷ்டமாக இருந்திருக்கும்.

அந்த நான்கு வருட உழைப்பைப் பற்றிச் சொல்லும்போது, சில நாள்களில் 20,000 மீட்டர் வரை நீந்தினார் என்பார்கள். இருபது கிலோமீட்டர்! நாம் பஸ் ஏறிப் போகிற தூரத்தைத் தவளை நீச்சலில் கடப்பது. பலன் சீக்கிரமே தெரிந்தது. 1933இல் 200 மீட்டரை 3 நிமிடம் 0.4 விநாடியில் நீந்தி உலக சாதனை. லாஸ் ஏஞ்சலஸில் தங்கம் வாங்கிய நேரத்தைவிட ஆறு விநாடி குறைவு. ஆனால் உலக சாதனை வந்தவுடன் பாரமும் ஏறியது. இனிமேல் பெர்லினில் ஜெயித்தால் அது எதிர்பார்த்ததுதான். தோற்றால்?

இப்போது பெர்லினுக்கு வருவோம். 1936. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து மூன்று வருடம். தன் அரசின் பெருமையை உலகத்துக்குக் காட்ட அவர் பயன்படுத்திக்கொண்ட ஒலிம்பிக் அது. அங்கே போக மாட்டோம் என்று மறுத்த நீச்சல் வீராங்கனைகளும் உண்டு. ஆஸ்திரியாவின் யூடித் டாய்ச்சும் அவருடன் இன்னும் இரண்டு யூதப் பெண்களும், யூதர்களைக் கொடுமைப்படுத்தும் நாட்டில் நீந்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்காக அவர்கள் நாட்டுச் சங்கமே அவர்களுக்குத் தடை விதித்தது. பதக்கம் வாங்கியவர்களின் கதையைச் சொல்லும்போது இவர்களையும் ஒரு வரி சொல்லாமல் போனால் வரலாறு முழுமையாகாது.

ஜப்பானின் நிலைமையும் சரியில்லை. 1931இல் மஞ்சூரியாவில் படை இறங்கியது. 1933இல் சர்வதேச சங்கத்திலிருந்து வெளியேறுவதாக அறிவித்தார்கள். 1936 பிப்ரவரியில் டோக்கியோவிலேயே ராணுவ இளம் அதிகாரிகள் கலகம் செய்து அமைச்சர்களைக் கொன்றார்கள். அதற்கு நடுவே ஜூலை 31ஆம் தேதி ஒரு சந்தோஷச் செய்தி, 1940 ஒலிம்பிக் டோக்கியோவுக்கு என்று பெர்லினில் முடிவானது. அதிலிருந்து பதினோராவது நாள்தான் நம் கதையின் போட்டி. ஒரு நாடே தன் மதிப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு பெண் குளத்தில் இறங்குகிறாள்.

எதிரில் இருந்தவர் மார்த்தா கெனெங்கர். ஜெர்மனிக்காரர், 1934 ஐரோப்பிய சாம்பியன். சொந்த நாடு, சொந்தக் கூட்டம். முதல் சுற்றில் மாயேஹாத்தா 3 நிமிடம் 1.9 விநாடி, கெனெங்கர் 3 நிமிடம் 2.9 விநாடி. இரண்டுமே லாஸ் ஏஞ்சலஸ் நேரத்தைவிட வேகம். இருவரில் ஒருவருக்குத்தான் தங்கம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

அதே போட்டியில் பிரேசில் நாட்டின் மரியா லெங்க் ஒரு புதுமை செய்தார். கைகளைத் தண்ணீருக்குள்ளேயே முன்னே கொண்டுபோகாமல், தண்ணீருக்கு மேலே தூக்கி வீசி நீந்தினார். அப்போதைய விதியில் அதற்குத் தடை இல்லை. ஒலிம்பிக்கில் அப்படி நீந்திய முதல் பெண் அவர்தான். அந்த வீச்சுதான் பின்னாளில் பட்டாம்பூச்சி நீச்சல் என்று தனிப் போட்டியாகப் பிரிந்தது. மரியா லெங்க் இறுதிப் போட்டிக்கு வரவில்லை. ஆனால் ஒரு புது நீச்சலே பிறந்துகொண்டிருந்ததை அந்தக் குளம் பார்த்தது.

இறுதிப் போட்டிக்கு வந்தவர்களில் இன்னொருவர் டென்மார்க்கின் சோரென்சன். அவர் முதல் பெயர் கிட்டத்தட்ட ‘இங்கே’ என்றே ஒலிக்கும். நம் பள்ளியில் வருகைப்பதிவு எடுத்திருந்தால் வகுப்பே சிரித்திருக்கும். வயது பன்னிரண்டு. சரியாகச் சொன்னால் பன்னிரண்டு வயதும் இருபத்து நான்கு நாளும். நம் கணக்கில் ஏழாம் வகுப்புப் பிள்ளை.

மாயேஹாத்தாவுக்கு ஜப்பானிலிருந்து தந்திகள் வந்து குவிந்தன. எல்லாவற்றிலும் ஒரே செய்தி. ஜெயித்துவிட்டு வா. தோற்றால் உயிரோடு திரும்புவதில்லை என்ற எண்ணம்கூட மனத்தில் இருந்ததாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். இருபத்து இரண்டு வயது. ஒரு நீச்சல் போட்டி.

பெர்லினில் மாலை நேரம், ஜப்பானில் நள்ளிரவு. ரேடியோதான் ஒரே வழி. நேர்முக வர்ணனை செய்ய என்ஹெச்கே வானொலியின் சான்செய் கசாய் குளத்தருகே உட்கார்ந்திருந்தார். ஒலிபரப்புக்கு ஒதுக்கிய நேரம் நள்ளிரவு பன்னிரண்டோடு முடிகிறது. போட்டி தாமதமாகிறது. எங்கே எல்லோரும் ரேடியோவை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார்களோ என்று அவருக்குக் கவலை. தயவுசெய்து ஸ்விட்சை அணைக்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டுதான் ஆரம்பித்தார். நம் வயதுக்காரர்களுக்கு இது புரியும். டிரான்சிஸ்டரைக் காதோடு வைத்துக் கொரகொர சத்தத்துக்கு நடுவே கிரிக்கெட் கேட்ட தலைமுறை அல்லவா நாம்?

போட்டி தொடங்கியது. 50 மீட்டர் குளம், நான்கு முறை கடக்க வேண்டும். மாயேஹாத்தா முன்னே போகிறார். கடைசி 50 மீட்டரில் கெனெங்கர் விடாமல் துரத்துகிறார். இடைவெளி குறைகிறது. அந்த இடத்தில் கசாய் வர்ணனை செய்வதையே மறந்துவிட்டார். யார் எத்தனை மீட்டரில், எந்த வரிசையில் என்பதெல்லாம் போயிற்று. ‘மாயேஹாத்தா கம்பாரே! மாயேஹாத்தா கம்பாரே!’ என்று கத்த ஆரம்பித்தார். கம்பாரே என்றால் விடாதே, முயற்சி செய், இன்னும் கொஞ்சம் என்று பொருள் சொல்லலாம். நாம் கபடி மைதானத்தில் ‘விடாதே, விடாதே’ என்று கத்துவோமே, அது மாதிரி. இருபது தடவைக்கு மேல் அதையே கத்தினார். முடிவில் ‘ஜெயித்துவிட்டார், ஜெயித்துவிட்டார்’ என்று அதையும் பல முறை.

மாயேஹாத்தா 3 நிமிடம் 3.6 விநாடி. கெனெங்கர் 3 நிமிடம் 4.2 விநாடி. ஆறு பங்கு பெரிய இடைவெளி இந்த முறை, பத்தில் ஆறு விநாடி. தூரக் கணக்கில் ஏறக்குறைய 65 சென்டிமீட்டர், ஒன்றரை முழம். அரைச் சாணில் போனது ஒன்றரை முழத்தில் திரும்பி வந்தது. ஒலிம்பிக் தங்கம் வாங்கிய முதல் ஜப்பானியப் பெண் என்று அவர் பெயர் வரலாற்றில் ஏறியது.

இது வர்ணனையே அல்ல, வெறும் ஆதரவுக் கூச்சல் என்று கசாயைக் குறை சொன்னவர்களும் உண்டு. ஆனால் அந்த ஒலிப்பதிவு ஜப்பானில் தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிட்டது. இன்றைக்கும் ‘மாயேஹாத்தா கம்பாரே’ என்றால் அங்கே தெரியாதவர் குறைவு.

எனக்கு இதில் ஒன்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு தேசம் முழுவதும் கேட்ட அந்தக் குரல் ஒருவர் காதில் மட்டும் விழவில்லை. யார் காதில்? மாயேஹாத்தா காதில். ரேடியோவுக்குள் போன குரல் அது. அவர் தலை தண்ணீரில் இருந்தது. அவருக்கு அந்த நிமிடத்தில் கூடவே இருந்தவை நான்கு வருடமாகக் கேட்ட மற்ற வார்த்தைகள்தான். ஏன் தங்கம் இல்லை, பத்தில் ஒரு விநாடி, அடுத்த முறை விடாதே. கம்பாரே என்ற சொல் ரேடியோவில் கேட்டவர்களுக்கு ஊக்கம். நீந்தியவருக்கு அது என்னவாக இருந்தது என்று அந்த ஒலிப்பதிவை வைத்துச் சொல்ல முடியாது.

பரிசு மேடையில் மூன்றாவது படியில் பன்னிரண்டு வயதுப் பெண் நின்றாள். சோரென்சன் 3 நிமிடம் 7.8 விநாடியில் வெண்கலம். ஒலிம்பிக்கில் தனிநபர்ப் போட்டியில் பதக்கம் வாங்கிய பெண்களில் இன்று வரை மிகச் சிறியவர் அவர்தான். ‘குட்டி அழகி’ என்கிற மாதிரி ஒரு செல்லப்பெயர் வைத்து டென்மார்க்கே அவரைக் கொண்டாடியது. வெண்கலத்துக்குக் கொண்டாட்டம்! அவரிடம் யாரும் தங்கம் கேட்டு அனுப்பவில்லை, கிடைத்தது எல்லாமே லாபம். இரண்டு வருடம் கழித்து 1938இல் லண்டனில் ஐரோப்பிய சாம்பியனும் ஆனார். அடுத்த ஒலிம்பிக்கில் வயது பதினாறுதான் ஆகியிருக்கும். ஆனால் அடுத்த ஒலிம்பிக் வரவில்லை. 1937இல் ஜப்பான் சீனாவோடு முழுப் போரில் இறங்கியது. 1938இல் ஒலிம்பிக்கை வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தது. 1940இலும் இல்லை, 1944இலும் இல்லை. உலகப் போர் ஒரு தலைமுறையின் வாய்ப்பைத் துடைத்துப்போட்டது. பதக்கத்துக்காக இவ்வளவு தவித்த அரசுகளுக்குப் போர் என்று வந்ததும் குளம் ஞாபகம் வரவில்லை.

மாயேஹாத்தா 1937இல் ஹியோதோ என்ற மருத்துவரை மணந்துகொண்டு போட்டியை விட்டு விலகினார். இரண்டு மகன்கள். இத்தோடு கதை முடிந்தது என்றுதான் பெரும்பாலும் எழுதுவார்கள். எனக்குப் பிடித்த பகுதி இனிமேல்தான் வருகிறது.

கணவர் இறந்த பிறகு, தான் படித்த சுகியாமா பள்ளியோடு சேர்ந்து நீச்சல் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இறங்கினார். 1960களின் பிற்பகுதியில் நாகோயாவில் அம்மாக்களுக்காக ஒரு நீச்சல் வகுப்பு தொடங்கினார். பதக்கம் வாங்கும் பிள்ளைகளுக்கு அல்ல, அம்மாக்களுக்கு. வீட்டு வேலை முடித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் பெண்கள். முப்பது, நாற்பது வயதில் முதல் முறையாகத் தண்ணீரில் முகத்தை முக்கியவர்கள். ஜப்பான் முழுக்க இப்படிப்பட்ட வகுப்புகள் பரவுவதற்கு அவர் முன்னோடி. அங்கே ஸ்டாப்வாட்ச் கிடையாது, முதலிடம் இரண்டாமிடம் கிடையாது. பத்தில் ஒரு விநாடியைத் தூக்கிக்கொண்டு நான்கு வருடம் அலைந்த பெண், விநாடியே எண்ணாத நீச்சலைச் சொல்லிக்கொடுத்தார்.

1977இல் அவர் மறுபடி பெர்லினுக்குப் போனார். கெனெங்கரும் வந்திருந்தார். நாற்பத்தோரு வருடம் கழித்து இரண்டு பாட்டிகளும் ஒரே குளத்தில் இறங்கி 50 மீட்டர் சேர்ந்து நீந்தினார்கள். கடைசி 50 மீட்டரில்தானே அன்றைக்கு அந்தக் கூச்சல் எல்லாம்? அதே 50 மீட்டரை இந்த முறை யாரும் யாரையும் துரத்தாமல் நீந்தியிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். கெனெங்கரைப் பற்றிச் சொல்ல யாருக்கும் நேரம் இருப்பதில்லை. சொந்த நாட்டில், அப்படிப்பட்ட ஓர் அரசின் கண் முன்னே, ஒன்றரை முழத்தில் தோற்றவர். அவருக்கு எப்படிப்பட்ட பாரம் இருந்திருக்கும்?

1983இல் மாயேஹாத்தாவுக்கு மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டது. பயிற்சி செய்து தேறி மறுபடி குளத்துக்கு வந்தார். 1990இல் ஜப்பான் அரசு பண்பாட்டுச் சாதனையாளர் என்ற பெரிய கௌரவத்தைக் கொடுத்தது. 1995 பிப்ரவரியில், எண்பது வயதில் மறைந்தார்.

அதற்கு முன் 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கை அவர் பார்த்தார். அதே 200 மீட்டர் மார்பு நீச்சல். கியோகோ இவாசாகி என்ற பதினான்கு வயது ஜப்பானியச் சிறுமி 2 நிமிடம் 26.65 விநாடியில் தங்கம் வாங்கினாள். வாழ்ந்த இத்தனை நாளில் இதுதான் மிக மகிழ்ச்சியான நேரம் என்று அவள் வெள்ளந்தியாகச் சொன்னாள். பதினான்கு வயதில் இது என்ன பெரிய பேச்சு என்று கேலி செய்தவர்களும் இருந்தார்கள். ஊர் வாயால் அந்தப் பெண் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் அல்ல. தோற்றால் ஏன் தோற்றாய், ஜெயித்தால் ஏன் சிரித்தாய். அறுபது வருடத்தில் நேரம் நாற்பது விநாடி குறைந்தது, ஊர் வாய் மட்டும் குறையவில்லை!

இன்னொரு பொருத்தம் சொல்லிவிடுகிறேன். 2016 ரியோ ஒலிம்பிக்கில் இதே போட்டியில் ஜப்பானின் ரியே கானேதோ தங்கம் வாங்கினார், 2 நிமிடம் 20.30 விநாடி. தேதி ஆகஸ்ட் 11. மாயேஹாத்தா ஜெயித்து சரியாக எண்பது வருடம், அதே நாள். வரலாறு சில சமயம் இப்படிப் பிறந்தநாள் கொண்டாடும்.

பிள்ளைகளே, நான் பாடம் நடத்திய வருடங்களில் ரேங்க் கார்டு கொடுக்கும் நாளில் ஒரு காட்சியை அடிக்கடி பார்த்திருக்கிறேன். முப்பதாவது ரேங்க் எடுத்த பிள்ளை சிரித்துக்கொண்டே கையெழுத்து வாங்கப் போகும். இரண்டாவது ரேங்க் எடுத்த பிள்ளை மூலையில் அழுதுகொண்டிருக்கும். வீட்டில் போனவுடன் என்ன கேட்பார்கள் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். முதல் ரேங்க் யார், எத்தனை மார்க் வித்தியாசம்? அழுதவர்களில் சிலர் இன்று இதைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். உங்களுக்கே இப்போது பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கம்பாரே என்று சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விடாதே என்று ஒருவராவது சொல்லாமல் எந்தப் பிள்ளையும் கரை சேராது. பிள்ளை தண்ணீரில் இருக்கும்போது கரையிலிருந்து ‘விடாதே’ என்று கத்துங்கள், தொண்டை போகக் கத்துங்கள். ஆனால் கரை ஏறி வந்த பிறகு ஸ்டாப்வாட்சைத் தூக்கி முகத்துக்கு நேரே காட்டாதீர்கள். முதலில் துண்டைக் கொடுங்கள். தலையைத் துவட்டிவிடுங்கள். மாயேஹாத்தா 1932இல் ஊர் திரும்பியபோது அப்படித் துவட்டிவிட வீட்டில் யாரும் இல்லை. அந்த இடத்தைக் கடிதங்களும் அறிவுரைகளும் பிடித்துக்கொண்டன. தங்கம் வந்தது உண்மைதான். ஆனால் தோற்றால் செத்துவிடலாம் என்று ஒரு பெண் நினைக்கும் அளவுக்குக் கொண்டுபோய் விட்டுத்தான் வந்தது. அந்த ஒன்றரை முழம் மாறியிருந்தால் நாம் இன்று எந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருப்போம்?

கடைசியாக ஒரு வேண்டுகோள். பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள். பதக்கத்துக்கு அல்ல, உயிருக்கு. என் வயதுப் பெண்களில் பலர், கிணறும் குளமும் ஆறும் இருந்த ஊரில் பிறந்தும், பெரிய மனுஷி ஆனதோடு தண்ணீரை மறந்தவர்கள். அண்ணன் தம்பிகள் குதித்ததைக் கரையில் நின்று பார்த்தவர்கள். உங்கள் ஊரில் நீச்சல் குளம் இருந்தால் பிள்ளையை மட்டும் கொண்டுபோய் விட்டுவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போன் பார்க்காதீர்கள். அம்மாக்களும் இறங்குங்கள். நாற்பது வயதில் நாகோயா அம்மாக்கள் கற்றுக்கொண்டார்கள், உங்களுக்கு என்ன குறை?

யார் யாருக்கெல்லாம் நீச்சல் தெரியும், யாரிடம் கற்றீர்கள் என்று கீழே எழுதுங்கள். படித்துவிட்டுக் கட்டாயம் பதில் போடுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்